பின்னால் வந்து இடித்த வண்டி, மறுநாள் திரும்பாத கழுத்து: விப்லாஷிலிருந்து மீள முழுமையான வழிகாட்டி

சுங்கச்சாவடி வரிசையிலோ சிக்னலிலோ நிற்கும் காரைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டால், முதல் அரை மணி நேரம் எல்லோரும் பார்ப்பது பம்பரைத்தான். கொஞ்சம் வாக்குவாதம், நாலு போட்டோ, போன் நம்பர், அப்புறம் அவரவர் வழி. வீட்டில் கேட்டால் "அடியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவோம். மறுநாள் காலை பல் துலக்கிவிட்டுக் கொப்பளிக்கக் குனியும்போதுதான் கழுத்து வர மறுப்பது தெரியும்.

இதுதான் விப்லாஷ். வலி பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத் தொடங்குவது சர்வ சாதாரணம். அப்படித் தாமதமாக வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். இடித்த உடனே வராமல் நேரம் கழித்து வரும் வலி, எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு குறைவு என்பதற்கான அடையாளங்களில் ஒன்று.

கீழே சொல்லப்போவதன் சாரம் ஒன்றே. ஆபத்து இல்லை என்று உறுதியானதும் கழுத்தை அசைக்கத் தொடங்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களும் பக்கத்து வீட்டுக்காரரும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள்.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது

பின்னாலிருந்து இடி விழும்போது சீட்டின் சாய்மானம் உங்கள் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. இடையில் மாட்டிக்கொள்வது கழுத்து. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னாலும் மேல்பகுதி முன்னாலும் வளைந்து, எலும்புத் தொடர் ஆங்கில 'எஸ்' எழுத்தைப்போல நெளிகிறது. தசை சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இந்த நெளிவில் அதிகம் பாடுபடுவது கழுத்தெலும்புகளின் பின்பக்கம் ஜோடி ஜோடியாக இருக்கும் சின்னஞ்சிறு ஃபேசட் மூட்டுகளும், அவற்றைச் சுற்றியுள்ள சவ்வும் தசையும்தான்.

காருக்கு ஆன சேதத்தை வைத்துக் கழுத்துக்கு ஆனதை எடைபோட முடியாது. பம்பரில் கீறல் மட்டுமே விழுந்தவருக்கு வாரக்கணக்கில் வலி இருக்கலாம். டிக்கியே நசுங்கியவர் மறுநாள் வேலைக்குப் போகலாம். "வண்டிக்கே ஒண்ணும் ஆகல, உனக்கு என்ன?" என்று கேட்பவர்களிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் வேலை: ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது

பயிற்சி, மாத்திரை, ஒத்தடம் எல்லாம் இதற்குப் பிறகுதான். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தைத் திருப்பிப் பார்க்காமல், அசையாமல் இருந்து 108-ஐ அழையுங்கள்:

- கழுத்தின் பின்புறம் நட்டநடுவில், எலும்பின் மேலேயே தொட்டால் கடுமையாக வலிப்பது
- கை கால்களில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, பிடி தளர்தல், நடையில் தள்ளாட்டம்
- சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் நிற்பது
- நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு
- பேச்சு குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது, ஒரு கண்ணின் இமை தொங்குவது, இதுவரை அறியாத வகையில் ஒரு பக்கக் கழுத்தும் தலையும் வெட்டி வலிப்பது

கடைசியாகச் சொன்னது கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். அது விபத்து நடந்து சில நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். எனவே முதல் நாள் டாக்டர் "ஒன்றுமில்லை" என்று அனுப்பியிருந்தாலும், நாலாம் நாள் இப்படி ஏதாவது வந்தால் மறுபடி ஓடத்தான் வேண்டும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் 65 வயதைத் தொட்டவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய் உள்ளவர்கள், முதுகுத்தண்டு இறுகும் வாத நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வேகமான மோதலிலோ வண்டி உருண்டதிலோ சிக்கியவர்கள் அன்றைக்கே மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். 2025-ல் வந்த மத்திய அரசின் திட்டத்தில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. 2001-ல் கனடாவில் வகுத்த ஒரு விதிமுறையை உலகமெங்கும் அவசரப் பிரிவு டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். வயது, மோதலின் தன்மை, கை கால் மரத்துப்போனதா, விபத்துக்குப் பின் எழுந்து நடந்தீர்களா, வலி எப்போது தொடங்கியது என்று வரிசையாகக் கேட்பார்கள். ஆபத்துக்கான அடையாளம் எதுவும் இல்லாமல், சாதகமான அம்சம் ஒன்றாவது இருந்தால், கடைசியில் கழுத்தை இரு பக்கமும் 45 டிகிரி திருப்பச் சொல்வார்கள். திருப்ப முடிந்தால் எக்ஸ்ரேகூட வேண்டாம். இப்படிக் கேள்வி கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் படம் எடுக்காமல் அனுப்புபவர் நல்ல டாக்டர். அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வேறு ஸ்கேன் சென்டரைத் தேட வேண்டாம்.

கனடாவின் கியூபெக் குழு 1995-ல் வகுத்த விப்லாஷ் படிநிலைகளும் தெரிந்திருந்தால் நல்லது. வலியும் இறுக்கமும் மட்டும் என்றால் முதல் நிலை. தொட்டால் வலி, திருப்புவதில் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் இரண்டாம் நிலை. நரம்பு பாதிப்பு இருந்தால் மூன்றாவது. எலும்பு முறிவோ விலகலோ நான்காவது. இந்த வழிகாட்டி முதல் இரண்டு நிலைகளுக்கு மட்டும். மற்ற இரண்டும் டாக்டரின் நேரடிப் பொறுப்பில் நடக்க வேண்டியவை.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்

எக்ஸ்ரே எடுத்திருந்தால், "கழுத்தின் இயல்பான வளைவு நேராகிவிட்டது" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த வரி பறித்த தூக்கம் கொஞ்சநஞ்சமல்ல. தசை இறுகினாலோ, படம் எடுக்கும்போது தாடையைத் தாழ்த்தியிருந்தாலோகூட வளைவு நேராகத் தெரியும். வலியே இல்லாதவர்களிலும் பலருக்கு அப்படித்தான் இருக்கிறது.

எம்ஆர்ஐயில் வரும் "டிஸ்க் பிதுக்கம்", அதாவது கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை வெளியே தள்ளியிருப்பது, அடுத்த பூதம். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரைப் படம் எடுத்துப் பார்த்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருப்பவர்களிலேயே நாலில் மூன்று பேருக்கு. அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இடித்த வண்டி கொடுத்ததா, முன்பே இருந்ததா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "நரம்பு அழுந்தியிருக்கிறதா? என் அறிகுறிகளோடு இது பொருந்துகிறதா?"

முதல் மூன்று நாள்

ஐஸா, சுடு ஒத்தடமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். எது இதமாக இருக்கிறதோ அது. பதினைந்து நிமிடம், நடுவில் ஒரு துணி வைத்து. தைலம் தடவலாம், ஆனால் தடவிய இடத்தில் சுடு ஒத்தடம் வைத்தால் தோல் வெந்துபோகும்.

மாத்திரையில்தான் கவனம் வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முதலில் பாராசிட்டமால் போதும். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேர இடைவெளி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராம்தான் எல்லை. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் அதுவே அதிகம். நம் ஊரில் நடக்கும் தவறு இன்னொரு வகை. மெடிக்கல் ஷாப்பில் "கழுத்துப் பிடிப்பு" என்று சொன்னால் அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், தசை தளர்த்தும் மருந்து மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பார்கள். அதில் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல், வீட்டில் இருக்கும் 650 மில்லிகிராம் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். அட்டையைத் திருப்பிச் சேர்மானத்தைப் படியுங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக் வகையறா வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. தசை தளர்த்தும் மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவும் கூடாது.

காலர். முறிவு இல்லை என்று தெரிந்த பிறகு கழுத்துக் காலர் போடுவதால் குணம் விரைவதில்லை. தசை வேலையை மறக்கும், இறுக்கம் கூடும், "என் கழுத்து உடைந்த கழுத்து" என்ற எண்ணம் மனதில் உட்கார்ந்துவிடும். டாக்டர் ஒன்றிரண்டு நாளுக்கு என்று சொன்னால் போட்டுக்கொண்டு, அந்தக் கெடு முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

அடுத்து, சலூன். முடிவெட்டிய கையோடு தலையைப் பிடித்து ஒரு திருப்பு, 'டக்' என்று ஒரு சத்தம். சாதாரண நாளிலேயே வேண்டாத வேலை. விபத்துக்குப் பிறகு அது ரத்தக்குழாயோடு விளையாடுவது. சுளுக்கு எடுப்பவர், எலும்பு வைத்தியக்கட்டு போடுபவர், படியில் தலையைத் தொங்கப்போட்டு இழுத்துவிடும் பெரியப்பா எல்லோருக்கும் இதே பதில்தான். வேண்டாம்.

பயிற்சி: எப்படி, எவ்வளவு, எப்போது

ஸ்வீடனில் செய்து 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எளிமையானது. விபத்து நடந்த நாலு நாளுக்குள் தொடங்கி, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கழுத்தை மெதுவாக இரு பக்கமும் பத்துப் பத்து முறை திருப்பச் சொன்னார்கள். ஓய்வும் மென்மையான காலரும் என்று அனுப்பப்பட்டவர்களைவிட இவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. செலவில்லாத வைத்தியம், ஆனால் மணிக்கொரு முறை ஞாபகம் வைத்திருப்பதுதான் பாடு. போனில் அலாரம் வையுங்கள்.

*முதல் வாரம்: திருப்புதல்.* நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்காருங்கள், தோள் தளர்ந்திருக்கட்டும். பார்வையை முதலில் வலப்பக்கம் கொண்டுபோங்கள், கழுத்து பின்னாலேயே வரும். இழுப்பு தொடங்கும் இடத்தில் நின்று, மூச்சை விட்டு, நடுவுக்குத் திரும்புங்கள். அடுத்து இடப்பக்கம். முதல் நாள் தோள்பட்டையில் பாதி தூரம்கூடப் போகாது. பரவாயில்லை. உட்கார்ந்தால் வலி அதிகம் என்றால் படுத்துக்கொண்டு, தலையணையின் மேல் தலையை உருட்டுங்கள்.

*இரண்டாம் வாரம் வாக்கில்: தாடை அசைப்பு.* இதைத்தான் பெரும்பாலானோர் தவறாகச் செய்கிறார்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மனதுக்குள் சொல்வதுபோல் தாடையை ஒரு துளி மட்டும் கீழே கொண்டுவாருங்கள். பின்மண்டை தலையணையில் சறுக்க வேண்டும், எழும்பக் கூடாது. அப்போது இரண்டு விரலால் கழுத்தின் முன்பக்கம், காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஓடும் தசையைத் தொட்டுப் பாருங்கள். அது புடைத்துக்கொண்டு எழுந்தால் நீங்கள் பலத்தைப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். அது மெத்தென்றே இருக்கும்படி, உள்ளே இருக்கும் சிறு தசைகள் மட்டும் வேலை செய்ய வேண்டும். பத்து நொடி நிறுத்தி விடுங்கள். பத்து முறை. எதுவுமே செய்யாததுபோல் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள்.

கூடவே தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால், சற்றுக் கீழே இழுத்து ஐந்து நொடி நிறுத்துவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

*மூன்றாம் வாரத்திலிருந்து: எதிர்ப்பு.* உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை நகராதபடி மெதுவாகத் தள்ளுங்கள். பிறகு பின்மண்டை, அடுத்து இரு பக்கமும். முழு பலத்தில் கால் பங்கு போதும். ஐந்து நொடி, ஐந்து முறை.

தலைசுற்றல் இருந்தால் கண்ணுக்கும் கழுத்துக்கும் பழைய ஒத்துழைப்பு திரும்ப வேண்டும். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தபடி தலையை மட்டும் மெதுவாக இடவலம் திருப்புங்கள், நகம் மங்காமல் தெரிய வேண்டும். ஆனால் எந்தத் தலைசுற்றலையும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும்.

எவ்வளவு வலித்தால் நிறுத்துவது? பத்துக்கு மூன்று, நாலு வரை வலித்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாள் காலை முன்னைவிட மோசமாக இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். கை மரத்துப்போனால் மட்டும் உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

இதோடு தினமும் அரை மணி நேர நடை. கைகளை வீசி நடங்கள். விப்லாஷ் வந்தவர்கள் கழுத்தோடு சேர்த்துத் தோளையும் பூட்டிக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார்கள். அந்தப் பூட்டைத் திறப்பதற்கு நடையைவிட எளிய வழி இல்லை.

படுக்கை, குளியல், பைக், தண்ணீர் கேன்

தலையணையே இல்லாமல் பாயில் படுத்தால்தான் நல்லது என்பார்கள். மல்லாந்து படுப்பவருக்கு அது ஓரளவு சரிப்படும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் உயரத்துக்கு ஏற்ற தலையணை இல்லாவிட்டால் இரவெல்லாம் கழுத்து ஒரு பக்கம் தொங்கும். குப்புறப் படுப்பதைச் சில வாரம் விட்டுவிடுங்கள். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழுங்கள்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கொண்டையாகச் சுற்றிக்கொள்வது தலைக்கு மேல் வேண்டாத சுமை. 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ, அதைத் தோளில் தூக்குவது இரண்டு மாதத்துக்கு வேறொருவர் வேலை. பேருந்தில் கடைசி சீட்டு வேண்டாம்.

பைக்கை முதல் இரண்டு மூன்று வாரம் தவிர்க்க முடிந்தால் நல்லது. வேகத்தடைக்கு வேகத்தடை கழுத்து வாங்கும் குலுக்கல் ஒரு பக்கம், ஒரு கிலோ வாக்கில் கனக்கும் ஹெல்மெட் இன்னொரு பக்கம். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வைத்தியம் ஆகாது. சேலை கட்டிக்கொண்டு பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகிறவர்கள் வழி முழுக்கத் தலையை ஒரே பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் காலத்தில் ஆட்டோவே மேல்.

அலுவலக வேலைக்கு ஒரு வாரத்துக்குள் திரும்பிவிடலாம், முழு வலியும் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லேப்டாப்பை நாலு புத்தகத்தின் மேல் ஏற்றி வையுங்கள், அரை மணிக்கொரு முறை எழுந்திருங்கள்.

ஸ்டீயரிங் பிடிப்பதற்கு முன்

நிற்கும் காரில் உட்கார்ந்து பாருங்கள். உடம்பைத் திருப்பாமல் கழுத்தால் மட்டும் இரு பக்கக் கண்ணாடிகளையும் தாண்டிப் பார்க்க முடிகிறதா? ரிவர்ஸ் எடுக்கப் பின்னால் திரும்ப முடிகிறதா? திடீர் பிரேக் போடுவதுபோல் காலை அழுத்தினால் கழுத்தில் வெட்டுகிறதா? இவற்றில் தேறி, தூக்கம் வரவழைக்கும் மாத்திரையையும் நிறுத்தியிருந்தால் தெருவுக்குள் ஓட்டிப் பழகலாம்.

பயம் வேறு விஷயம். பின்கண்ணாடியில் லாரி தெரிந்தாலே தோள் காது வரை ஏறிவிடுகிறது என்பவர்கள் உண்டு. முதலில் பக்கத்து சீட்டில், பிறகு காலியான சாலையில், அப்புறம் இடித்த அதே சாலையில் என்று படிப்படியாகப் போனால் பெரும்பாலும் அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் விபத்து கனவில் வந்து எழுப்புகிறது, அந்த வழியையே தவிர்க்கிறீர்கள் என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். கழுத்து வலி குறைவதற்கும் அது உதவும்.

மூன்று மாதமாகியும் விடவில்லை என்றால்

விரைவான முன்னேற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான். அதற்குப் பிறகும் ஓரளவு வலி தங்குபவர்கள் கணிசமானவர்கள். தொடக்கத்திலேயே கடுமையான வலி இருந்தவர்களுக்கும், "இது இனி சரியாகவே ஆகாது" என்று முடிவுகட்டியவர்களுக்கும் அது நீடிக்கும் வாய்ப்பு அதிகம்.

இங்கே லிதுவேனியாவைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே 1996-ல் வெளியான ஆய்வில், பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரை ஒன்றிலிருந்து மூன்று வருடம் கழித்து விசாரித்தார்கள். விபத்தே நடக்காதவர்களுக்கும் இவர்களுக்கும் கழுத்து வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே அப்போது இழப்பீடு வழக்கமில்லை, விப்லாஷ் ஆயுளுக்கும் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அந்த 202 பேரில் பலருக்கு முதலிலிருந்தே காயம் இல்லை என்று ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. இதை வைத்து "எல்லாம் நாடகம்" என்று வலியில் இருப்பவரைச் சொல்வது அநியாயம். எதிர்பார்ப்பு வலியை நீட்டிக்கும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வலி நாள்பட்டால் பிசியோதெரபி அமர்வுகளை எண்ணிக்கொண்டே போக வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 2014-ல் வெளியான ஆய்வில், நாள்பட்ட விப்லாஷுக்கு இருபது அமர்வு பயிற்சி பெற்றவர்களும், ஒரே ஒரு ஆலோசனையோடு வீட்டில் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். கரண்ட் வைப்பது, இழுவை வைப்பது என்று பத்து நாள் பேக்கேஜ் கட்டச் சொல்லும் இடத்தைவிட, செய்முறையைக் கற்றுக்கொடுத்து "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பும் பிசியோவைத் தேடுங்கள். அதுவும் எடுபடாதபோது, ஃபேசட் மூட்டுதான் காரணமா என்று வலி மருத்துவ நிபுணர் நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டுச் சோதிப்பார். ஆமாம் என்றால் அந்தச் சிறு நரம்பை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை உண்டு. நரம்பு மீண்டும் வளரும்போது வலி திரும்பலாம், திரும்பவும் செய்துகொள்ளலாம்.

காகித வேலை

வலி தொடங்கும் முன்பே, விபத்து நடந்த முதல் நாளிலேயே செய்ய வேண்டியது இது. மருத்துவமனையில் விபத்து என்று சொல்லிக் காட்டி, விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்கி வையுங்கள், 'ஏஆர் காப்பி' என்று கேட்டால் தெரியும். காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது, முடிந்தால் எஃப்ஐஆர். இடித்த வண்டியின் எண், இன்சூரன்ஸ் விவரம், மருந்துக் கடை பில் உட்பட எல்லா ரசீதும், வேலைக்குப் போகாத நாட்களுக்கான அலுவலகக் கடிதம். விப்லாஷ் படத்தில் தெரியாத காயம் என்பதால், முதல் வாரத்துச் சீட்டில் "கழுத்து வலி" என்று எழுதியிருப்பதுதான் பின்னால் பேசும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். மனு போட்டுவிட்டால் போதும், "கேஸ் முடியட்டும்" என்று பயிற்சியைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஹெட்ரெஸ்ட்

காரைப் பட்டறையிலிருந்து எடுக்கும்போது சீட்டின் சாய்மானமும் அதன் பூட்டும் ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு ஹெட்ரெஸ்ட். கடையிலிருந்து வந்தபடி அடியிலேயே கிடக்கும், பலர் அதைத் தொட்டதே இல்லை. அப்படி இருந்தால் அது கழுத்துக்குப் பின்னால் நிற்குமே தவிர தலையைத் தாங்காது. பொத்தானை அழுத்தி, அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துங்கள். பின்மண்டைக்கும் அதற்கும் இடையில் நாலு விரல் அகலத்துக்குமேல் இடைவெளி வேண்டாம், இருந்தால் சாய்மானத்தை நிமிர்த்துங்கள். சொகுசுக்காகத் தொங்கவிடும் கழுத்துத் தலையணை தலையை முன்னே தள்ளி இடைவெளியைக் கூட்டுகிறது என்றால் கழற்றிப் போட்டுவிடுங்கள். பின் சீட்டில் உட்காரும் அம்மாவுக்கும் இதே அளவுதான்.